எந்தப் படிப்பு, எந்த வயதில்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கோவையிலிருந்து ஒரு தாய்): ஐயா, மகள் பிளஸ் டூ. என்ன படிப்பதென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அமெரிக்கா போனால் பிறகு முடிவு செய்யலாமாமே?

பதில்: பெரும்பாலும் சரிதான் அம்மா. பல பல்கலைக்கழகங்களில் முதன்மைப் பாடத்தைச் சொல்லாமலே சேரலாம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சொன்னால் போதும். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் மட்டும் இதை நம்பிப் போகாதீர்கள். பல இடங்களில் அந்தத் துறைக்கென்றே விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்தபின் உள்ளே மாறுவது கஷ்டம்.

கேள்வி (லண்டன் வாசகர்): மகன் ஏ லெவலுக்கு (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) கணிதம், பொருளியல், வரலாறு எடுக்கிறேன் என்கிறான். அவனை டாக்டராக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

பதில்: இந்த மூன்றை எடுத்தால் மருத்துவத்தை மறந்துவிட வேண்டியதுதான். அநேகமாக எல்லா மருத்துவக் கல்லூரியும் வேதியியலோ உயிரியலோ கேட்கும். பல கல்லூரிகள் இரண்டையும் கேட்கும். இங்கிலாந்தில் 16 வயதில் எடுக்கும் மூன்று பாடங்கள்தான் பிறகு எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பின் விண்ணப்பத்தில் ஐந்து இடம் போடலாம். அதில் மருத்துவத்துக்கு நான்குதான், கடைசித் தேதி அக்டோபர் 15.

ஆனால், 'எங்கள் ஆசை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் எடுத்திருப்பது பொருளியலுக்கும் சட்டத்துக்கும் அருமையான கூட்டு. யோசித்துத்தான் எடுத்திருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. டாக்டர் பேச்சை எடுக்காமல், ஏன் இந்த மூன்று என்று ஒருமுறை கேளுங்கள். முழுசாகச் சொல்ல விடுங்கள்.

கேள்வி (ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கும் தந்தை): நான்காம் வகுப்பு முடிக்கும் மகளுக்கு கிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் பள்ளி) இல்லை, ரியால்ஷூலே (பத்தாம் வகுப்போடு முடியும் பள்ளி) என்கிறார்கள். பல்கலைக்கழகம் அவ்வளவுதானா?

பதில்: இல்லவே இல்லை. 10 வயதுப் பிள்ளையைத் தரம் பிரிப்பது எனக்கும் உடன்பாடில்லை. பெர்லினில்கூட ஆறாம் வகுப்பு வரை பொறுக்கிறார்கள். ஆனால் ரியால்ஷூலேயில் பத்து முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு தொழில்சார் கிம்னாசியத்தில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் அபிட்டூர் தேர்வை எழுதலாம். உங்கள் மாநிலத்தில் அது பலர் போகும் வழி. சம்பளத்தோடு ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து, அதற்கு மேலான மைஸ்டர் தகுதி பெற்றும் பல்கலைக்கழகம் போகலாம். பிள்ளை காதுபட 'போச்சு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (மதுரை மாணவர்): சார், மார்க் வந்தபிறகு கிடைத்ததை எடுப்பது நம் ஊரில் மட்டும்தானா?

பதில்: இல்லை தம்பி. சீனாவில் ஜூனில் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. மதிப்பெண் வந்த சில நாட்களில் விருப்பப் பட்டியல் கொடுத்தாக வேண்டும். ஜெஜியாங் மாகாணத்தில் கல்லூரியும் பாடமும் சேர்த்து 80 தெரிவுகள் வரை போடலாம். ஜப்பானின் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு கோமாபா வளாகத்தில் பொதுப்படிப்பு, துறை பிறகுதான். அங்கும் நல்ல கிராக்கியுள்ள துறை வேண்டுமென்றால் அந்தப் பொதுப்படிப்பில் எடுத்த மதிப்பெண்தான் பேசும்.

நீங்கள் பொறியியல் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது, போன வருஷ கட் ஆஃபைப் பார்த்துப் பயந்து பிடித்த பாடத்தைக் கீழே தள்ளாதீர்கள். வரிசைப்படிதான் இடம் பார்ப்பார்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள்; மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது.