கண்ணாடித் தொட்டியில் வங்கக்கடல்

காரைக்குடிப் பள்ளிக் கண்காட்சிக்கு மகள் செய்யும் வங்கக்கடல் தொட்டியில் இரண்டு நிறமும் உடனே கலந்து ஊதாவாகிவிடுகிறது என்றீர்கள். ஊற்றும் வரிசைதான் தப்பு. சிவப்பு உப்புத் தண்ணீரை முதலில் ஊற்றி, அசைவு அடங்க விடுங்கள். அப்புறம் நீல நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் நூலாக வழியவிடுங்கள். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல்லுக்குக் கலர் ஊற்றுவார்களே, அந்த நிதானம் வேண்டும்.

கடலிலும் இதே கதைதான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீர் எடை குறைவு என்பதால் மேலேயே தங்கும். காற்று அடித்தாலும் அடிநீர் எளிதில் மேலே வராது. வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் கரையோர நீரோட்டம் இந்த உப்புக் குறைந்த நீரைத் தெற்கே இழுத்து, இலங்கையைச் சுற்றி அரபிக்கடலின் தென்கிழக்கு வரை கொண்டுபோகும்.

சரி, கண்காட்சியில் ஒரு சின்ன ஃபேனை மெதுவாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீலம் நகரும், சிவப்பு அப்படியே கிடக்கும்.