வெளிநாட்டில் பிறந்த ஆர்மீனிய இளைஞர்கள் தாய்நாட்டில் தன்னார்வப் பணி செய்வதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் வருகிறவர்களுக்குத்தான் அதிகம். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படித்த காலத்தில் இப்படி வந்தவர்களோடு பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

பலரும் 2003இல் தொடங்கிய ‘பர்த்ரைட் ஆர்மீனியா’ அமைப்பின் வழியாக வருகிறார்கள். படிப்புக்கேற்ற இடத்தில் சம்பளமில்லாத வேலை, மொழி வகுப்பு, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வசதி. குறிப்பிட்ட வாரங்கள் தாக்குப்பிடித்தால் விமானக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இரண்டு மாதத்தில் ஓர் அலுவலகத்துக்கு என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? வேலை பிடிபடுவதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

என் தோழி ஒருத்தி பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூதில் பிறந்தவள். 1915இல் ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலைக்குத் தப்பியோடிய குடும்பம். பூர்விகம் மராஷ்; அது இன்று துருக்கியில் இருக்கிறது. ‘தாய்நாடு’ என்று அவள் வந்திறங்கிய குடியரசில் அவளுடைய முன்னோர் யாரும் வாழ்ந்ததே இல்லை. அவள் வீட்டில் பேசி வளர்ந்தது மேற்கு ஆர்மீனியம், இங்கே புழங்குவது கிழக்கு ஆர்மீனியம். காய்கறிக் கடைக்காரர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு ரஷ்ய மொழிக்குத் தாவியபோது அவள் முகம் சுண்டிப்போனது.

பிறகு கியூம்ரிக்குப் போனாள். 1988 டிசம்பர் 7 நிலநடுக்கம் சிதைத்த ஊர் அது. அப்போது தற்காலிகமாக வைத்த ‘டொமிக்’ தகரக் கூடுகளிலேயே இன்னமும் சில குடும்பங்கள் காலம் தள்ளுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வார இறுதியில் நானும் போயிருந்தேன். அவள் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி, லவாஷ் ரொட்டியில் பாலாடைக்கட்டியும் பச்சிலைகளும் வைத்துச் சுருட்டி, “சாப்பிடு, ஜான்” (ஆர்மீனியத்தில் ‘கண்ணு’ என்பதுபோல) என்று கையில் திணித்துக்கொண்டே இருந்தார். பேச்சுவாக்கில் தெரிந்தது, அவருடைய தகப்பனாரும் கார்ஸிலிருந்து அகதியாக வந்தவர். கார்ஸும் இப்போது துருக்கியில்தான். எல்லையோ 1993 முதல் மூடிக் கிடக்கிறது. அதன் பிறகு இருவரும் பேசிய பேச்சில் எனக்கு இடமே இருக்கவில்லை!

யெரெவானிலேயே தங்கி, காபிக் கடைகளில் தங்களுக்குள் ஆங்கிலம் பேசியே நாளைக் கழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது சுற்றுலா, வேறொன்றுமில்லை. 2023 செப்டம்பரில், அஜர்பைஜான் முழுமையாகக் கைப்பற்றிய கராபாக் பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறி ஆர்மீனியாவுக்கு வந்தார்கள். மனநல ஆலோசனை, இயன்முறை மருத்துவம் போன்ற கைத்திறன் உள்ளவர்களுக்கு உண்மையான வேலை அங்கே காத்திருக்கிறது. போவதென்றால் தலைநகரை விட்டு விலகி, நீண்ட காலத்துக்குப் போகலாம். கியூம்ரி என்றால் கனத்த கோட்டு அவசியம். அந்த ஊர்க் குளிர் பொல்லாதது.