கண்ணாடி முன் சொல்லும் வாக்கியங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்னம்பிக்கை நூல்களைப் பற்றி நீங்கள் எழுதிப் பார்த்ததில்லை. இலக்கிய வாசகர்களுக்கு அவற்றின் மேல் ஓர் இளக்காரம் உண்டு என்று தெரியும். கல்லூரி முடித்ததிலிருந்து நான் அவற்றைத்தான் வாசிக்கிறேன். அலமாரி நிறைந்துவிட்டது. வாசிக்கும்போது உடம்பே லேசாகும், நாளை முதல் நான் வேறு ஆள் என்று தோன்றும். இரண்டே நாளில் பழைய குருடி கதவைத் திறடி. ஒரு நூலில் சொன்னபடி தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் மகிழ்ச்சியானவன், எல்லோரும் நேசிக்கும் மனிதன்’ என்று சொல்கிறேன். சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் ‘பொய்’ என்கிறது. போன வாரம் மேலதிகாரி என் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போனார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ‘உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதான் பலிக்கவில்லை’ என்கிறான் நண்பன். இந்த நூல்களெல்லாம் ஏமாற்றா? இல்லை, கோளாறு என்னிடமா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் நண்பர் சொல்வதை முதலில் ஒதுக்கிவையுங்கள். பலித்தால் வாக்கியத்தின் மகிமை, பலிக்காவிட்டால் உங்கள் நம்பிக்கைக் குறைவு. குறி சொல்பவர்கள் இப்படித்தான் எந்நாளும் தோற்காமல் இருக்கிறார்கள்.

அந்தப் ‘பொய்’ என்ற குரலை உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் உட்டும் சகாக்களும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘நான் நேசிக்கத் தகுந்தவன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைப் பங்கேற்றவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது சிறிதளவு உற்சாகம் தந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ, வாக்கியத்தைச் சொல்லாமலே இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. மனம் நம்பாத ஒன்றை அதன் வாயில் திணித்தால் அது மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். ஆக, யாருக்கு இந்த வாக்கியங்கள் தேவையோ அவர்களையே அவை காலை வாரிவிடுகின்றன. நாளை காலை கண்ணாடியில் தலை மட்டும் சீவுங்கள்.

நூல்கள் ஏமாற்றா என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது. ஆங்கிலத்தில் இந்த வகைக்கே பெயர் கொடுத்தது 1859-ல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற நூல். பொறியாளர்களும் கைவினைஞர்களும் கண்டுபிடிப்பாளர்களும் ஆண்டுக்கணக்கில் எப்படிப் பாடுபட்டார்கள் என்ற கதைகள்தான் அதில் பெரும்பகுதி. 1952-ல் நார்மன் வின்சென்ட் பீல் என்ற அமெரிக்கப் பாதிரியார் எழுதிய நூல் பெரும் விற்பனை கண்டபோது, அழுத்தம் பாடுபடுவதிலிருந்து நல்லதாக நினைப்பதற்கு நகர்ந்திருந்தது. பாடுபடச் சொல்வதைவிட நினைக்கச் சொல்வது விற்பதற்கு எளிது.

வாசிக்கும்போது உடம்பு லேசாகிறது என்றீர்கள் அல்லவா, அங்கேதான் சிக்கல். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் உடல் எடை குறைக்கும் சிகிச்சையில் சேர்ந்த பெண்களைக் கவனித்தார் (1991-ல் வெளியான ஆய்வு). ‘என்னால் முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் இளைத்தார்கள். இளைத்துவிட்ட தன்னைப் பளபளப்பாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே இளைத்தார்கள். கற்பனையிலேயே மனம் வெற்றியை அனுபவித்துவிட்டால், பிறகு எழுந்து நடக்க அதற்கு என்ன அவசரம்? உங்களுடைய இரண்டு நாள் கணக்கும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதே அலமாரியில் வேறு ஓர் இனமும் உண்டு. 1960-களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு உருவாக்கிய சிகிச்சை முறையை ஒட்டி எழுதப்பட்ட பயிற்சி நூல்கள். இவற்றின் பயன் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2013 முதல் இத்தகைய நூல்களை மருத்துவர்கள் பரிந்துரைக்கவும் பொது நூலகத்தில் எடுத்துப் படிக்கவும் ஒரு திட்டமே இருக்கிறது. அவை உற்சாகமாக இருக்காது. பள்ளிப் பயிற்சிநூல் போல அலுப்பூட்டும்.

அவற்றில் வரும் பயிற்சி ஒன்றுக்கு உங்கள் மேலதிகாரி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: வணக்கம் சொன்னேன், பதில் சொல்லாமல் போனார். அடுத்து, அப்போது மனம் சொன்னது: ‘அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.’ இதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்? 90 என்று வையுங்கள். கீழே நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அதற்கு ஆதரவானவை, வலப்பக்கம் எதிரானவை. முகம் கடுகடுவென்று இருந்ததா, இடப்பக்கம். போனில் பேசிக்கொண்டே போனாரா, பக்கத்தில் நின்றவரையும் கவனிக்கவில்லையா, வலப்பக்கம். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே எழுதலாம், ஊகம் கூடாது. முடித்ததும் மறுபடி சதவீதம் போடுங்கள். பூஜ்யம் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. 50-க்கு இறங்கினாலே மதியத்துக்குள் வேலை ஓடும். ‘அவர் என்னை மிகவும் மதிக்கிறார்’ என்று எழுதி முடிக்கச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்துவதில்லை, கவனித்தீர்களா? ‘ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது’ என்பதில் நின்றால் போதும். உள்ளே இருக்கும் குரல் அதைப் பொய் என்று சொல்லாது. வலப்பக்கம் காலியாகவே இருந்தால், அது மனதின் கோளாறு அல்ல. அவரிடமே நேரில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

எத்தனை நாள் செய்வது? ‘21 நாளில் பழக்கம்’ என்று பல நூல்களில் பார்த்திருப்பீர்கள். அதன் வேர், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960-ல் எழுதியது. புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். அந்தக் ‘குறைந்தது’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் சாதாரணப் பழக்கங்களை ஆராய்ந்தபோது ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். வரிசையில் நடுவில் நிற்பவருக்கு 66 நாள். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நட்டமில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

இளக்காரம் எனக்கு இல்லை. நாவல் படித்தால் கவலை தீரும் என்று நானும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அலமாரிக்கு இப்போதைக்குப் புது நூல் வேண்டாம். இருப்பதில் எழுதச் சொல்லிக் கேட்கும் நூல் ஒன்றை எடுத்து, எழுதச் சொன்ன பக்கத்தில் நிறுத்தி, எழுதிவிட்டு அடுத்த பக்கம் போங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், நூலைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.