ஒளி எங்கே தொலைகிறது?

கேள்வி: நனோ துணிக்கைகளை ஒளிரவைத்து உடலுக்குள் நோயைப் பார்க்கலாம் என்று டியூஷன் சேர் சொன்னார். ஒளி மங்கலாக இருந்தால் என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் கதிரைப் பாய்ச்சினால் போதாதா?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: போதாது பிள்ளை. கதிரைக் கூட்டினால் சுற்றியுள்ள இழையமும் சேர்ந்து ஒளிர்ந்து குழப்பும்; கலங்களும் கெடும். வாங்கிய சக்தி எங்கே வீணாகிறது என்று பார்த்து, அந்த ஓட்டையை அடைக்கவேண்டும்.

போன ஞாயிறு வீட்டுக் குசினியில் இதைச் செய்து பார்த்தேன். புறக்கோட்டையில் வாங்கிய, கள்ளநோட்டுப் பார்க்கும் கழியூதா டோர்ச். இரண்டு கிளாஸில் டொனிக் வோட்டர். விளக்கை அணைத்து டோர்ச்சை அடித்ததும் இரண்டுமே நீலமாக ஒளிர்ந்தன. அதிலுள்ள குவினைன் என்ற கசப்புப் பொருள் செய்யும் வேலை. ஒன்றில் சீனி போட்டேன், மாற்றமில்லை. மற்றதில் ஒரு தேக்கரண்டி உப்பு. புசுபுசுவென்று நுரைத்தது. நுரை அடங்கியபின் பார்த்தால் நீலம் மங்கிவிட்டது! உப்பின் குளோரைட்டு அயன்கள் மோத, சக்தி ஒளியாகாமல் வெப்பமாகப் போய்விடுகிறது. இதுபோன்ற மங்கலை அளந்தே கலத்துக்குள் எவ்வளவு குளோரைட்டு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

சேர் சொன்ன நனோ துணிக்கைகளில் ஒருவகை குவாண்டம் புள்ளி, ஒளிரும் குறைகடத்திச் சிறுமணி. அதில் சக்தி தொலையும் இடம் அதன் மேற்பரப்பு. சில நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒன்று) பருமனுள்ள மணியில் அணுக்களில் கணிசமான பங்கு வெளியில்தான் நிற்கிறது. பிணைப்பு நிரம்பாத அந்த அணுக்கள் இலத்திரனைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. 1996இல் கட்மியம் செலனைட்டு மணிக்கு நாக சல்பைட்டால் ஓடு போட்டார்கள். உறிஞ்சிய 100 போட்டன்களுக்கு (ஒளியின் சக்திப் பொட்டலங்களுக்கு) 50 வரை ஒளியாகத் திரும்பின. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

இன்னொரு வழி, பக்கத்தில் வெள்ளி அல்லது தங்கத் துணிக்கையை வைப்பது. அது வரும் ஒளியைத் தன்னருகே குவித்து, ஒளிர்வையும் விரைவாக்கும். ஆனால் ஒட்டிவைத்தால் உலோகமே சக்தியை விழுங்கிவிடும். சுமார் 10 நனோமீற்றர் இடைவெளி நல்லது. அதற்காக நடுவில் மெல்லிய சிலிக்காப் பூச்சு பூசுவார்கள்.

சரி, உடலுக்குள் பார்ப்பதென்றால்? மின்வெட்டு இரவில் சாதாரண டோர்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், சிவப்பு மட்டும்தான் மறுபக்கம் வரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் உறிஞ்சிவிடும். அதனால்தான் 700 முதல் 900 நனோமீற்றர் வரையான அலைநீளத்தில், அதாவது சிவப்பின் எல்லையிலும் அதற்கு அப்பாலும் ஒளிரும் துணிக்கைகளைத் தேடுகிறார்கள், அதுவும் கட்மியம் இல்லாமல், கட்மியம் நஞ்சு.