மூன்று பதிவேட்டில் ஒரு பிள்ளை: இடைநிலைப் பொறுப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

வணக்கம். அங்கன்வாடி மேற்பார்வையாளராகச் சேர்ந்து, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை வட்டாரங்களில்தான் பெரும்பாலும் வேலை. இப்போது காரைக்குடியில் இருந்துகொண்டு, புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற அங்கன்வாடி, பள்ளி, சுகாதாரம், காவல், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனம் என்று இத்தனை பேர் சேர வேண்டியிருக்கிறது. மேலே மாவட்ட அதிகாரிகள், கீழே களப்பணியாளர்கள். நடுவில் நிற்கிறவர்களை வளர்த்தெடுப்பது எப்படி என்பதுதான் இந்த முறை வந்த கேள்விகள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அக்கா, பத்து வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்துவிட்டு இப்போதுதான் மேற்பார்வையாளர் ஆனேன். 25 மையம் என் பொறுப்பு. செவிலியரும் தலைமையாசிரியரும் எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் இல்லையே, நான் சொன்னால் அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? (கல்லல் பக்கம்)

கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லைதான் தங்கச்சி. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் வேலை சுலபமாகும். உனக்குக் கிடைக்கக்கூடிய மரியாதை, அவர்களிடம் இல்லாத ஒரு தகவலை நீ கொண்டுபோய்க் கொடுப்பதில் இருந்துதான் வரும்.

நான் மேற்பார்வையாளரான புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வயதுப் பெண் குழந்தை. எங்கள் மையத்தில் எடை பார்த்து, கடுமையான எடைக்குறைவு என்று பதிவேட்டில் எழுதியிருந்தோம். குழந்தையின் அம்மாவுக்குக் காசநோய் மருந்து போய்க்கொண்டிருந்தது செவிலியரின் பதிவேட்டில் இருந்தது. குழந்தையின் அக்கா மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது ஆசிரியரின் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மூன்று பேரும் சரியாகத்தான் எழுதினோம். ஆனால் யாரும் அடுத்தவரிடம் கேட்கவில்லை. ஒன்பது வயது அக்கா படிப்பை விட்டுவிட்டு, நோயாளி அம்மாவையும் தங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது, சின்னவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குழந்தை பிழைத்துவிட்டாள். ஆனாலும் அந்த மூன்று வாரம் இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது. என் கையெழுத்தும் அந்தப் பதிவேட்டில் இருந்ததே.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான். மாதம் ஒருமுறை செவிலியரிடம் போய், 'எங்கள் மையத்தில் இந்த நாலு பிள்ளைகள் கவலையாக இருக்கிறார்கள், உங்களுக்கு இந்த வீடுகளைப் பற்றி என்ன தெரியும்?' என்று கேட்பேன். உத்தரவாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டதால் யாரும் முகம் சுளித்ததில்லை. மூன்றாவது மாதம் அவரே என்னைத் தேடி வந்தார்.

எங்கள் பயிற்சியில் இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னார்கள். அது செட்டிநாட்டுக்கு எதற்கு மேடம்? (தேவகோட்டை, தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர்)

விக்டோரியா கிளிம்பியே பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். ஐவரி கோஸ்ட்டில் பிறந்த பிள்ளை. பாட்டி முறையான உறவுக்காரப் பெண்மணி ஒருவர் லண்டனுக்குக் கூட்டிப்போனார். 2000 பிப்ரவரியில், எட்டு வயதில், கொடுமை தாங்காமல் அந்தக் குழந்தை இறந்தாள். உள்ளாட்சியின் சமூக சேவைத் துறைகள், போலீஸ், இரண்டு ஆஸ்பத்திரிகள் என எல்லோருக்கும் அவளைத் தெரியும். அரசு நியமித்த லார்ட் லேமிங் விசாரித்து 2003ல் 108 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். அவளைக் காப்பாற்றப் பன்னிரண்டு வாய்ப்புகளாவது இருந்தன என்றும், அதற்குப் பெரிய திறமை தேவைப்பட்டிருக்காது, அடிப்படை வேலையைச் சரியாகச் செய்திருந்தாலே போதும் என்றும் அவர் எழுதினார். களப்பணியாளர் மேல் மட்டும் பழி போடாமல், மேலாளர்களையும் பொறுப்பேற்கச் சொன்னார். 2004ல் அங்கே புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பிள்ளைகளின் கல்வியும் பாதுகாப்பும் ஒரே இயக்குநரின் கீழ் வந்தன.

நம் ஊரில் துறைகளை இணைத்துவிட முடியாது. ஆனால் அந்த விசாரணையில் வெளிப்பட்டதும் மேலே நான் சொன்ன பதிவேட்டுக் கதையும் ஒன்றுதான். அதனால்தான் சொல்லித் தருகிறார்கள்.

வட்டார அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் கூட்டம் நடக்கிறது. ஒவ்வொரு துறையும் எண்ணிக்கையைப் படிக்கிறது, டீ வருகிறது, கலைந்துவிடுகிறோம். (காவல் நிலையக் குழந்தைகள் நல அலுவலர், எஸ்.எஸ்.ஐ.)

சார், நீங்களே இதைக் கேட்டது எனக்கு நிறைவாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு பிள்ளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? இனி யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்வார்? செய்து முடித்ததும் யாருக்குச் சொல்வார்? இருபது நிமிஷம் இதற்கு. எண்ணிக்கையை முன்கூட்டியே தாளில் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், பெரிய அதிகாரி கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் செவிலியரும் பணியாளரும் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள்தானே?

ஒரு கண்டிப்பு. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நல்லெண்ணத்தில் போட்டாலும் பிள்ளையின் மானம் போனது போனதுதான்.

பிள்ளையின் வீடு திருமயம் பக்கம், படிப்பது காரைக்குடியில். நாங்கள் சிவகங்கைக்கு எழுதினால் புதுக்கோட்டைக்கு எழுதச் சொல்கிறார்கள். (ஆசிரியர்)

செட்டிநாடே இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது, இந்தச் சிக்கல் நமக்குத் தீராது. பிள்ளை எங்கே ஆபத்தில் இருப்பது தெரிந்ததோ, அங்கே உள்ள குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற மாவட்டக் குழு) முன்னால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, கொண்டுபோக வேண்டும். எந்த மாவட்டம் என்று அலசுவது பிறகு, மாற்றி அனுப்பச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ராத்திரியானால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். கடிதம் அனுப்பியதும் நம் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்தப் பக்கம் ஒரு பெயருள்ள ஆள் 'வந்து சேர்ந்தது, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் வரை பிள்ளை உங்கள் பொறுப்பு. இரண்டு மாவட்டத்திலும் தெரிந்த ஒருவரையாவது வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து இடைநிலை அலுவலர்களுக்குக் கட்டாயம் என்பேன்.

எனக்குக் கீழே ஆறு மேற்பார்வையாளர்கள். மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினேன். சான்றிதழோடு வந்தார்கள், வேலையில் ஒன்றும் மாறவில்லை. (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்)

பயிற்சி மண்டபத்தில் தலைமை வளராது அம்மா. அடுத்த துறை எப்படி இயங்குகிறது என்று கண்ணால் பார்க்காதவரை, அந்தத் துறையிடம் என்ன கேட்கலாம் என்பதே தெரியாது. அதனால் முதலில் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வையுங்கள். ஒரு நாள் நடமாடும் மருத்துவக் குழுவோடு அனுப்புங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டிய குழு அது. அவர்களின் அட்டவணை தெரிந்தால்தான் விடுபட்ட பிள்ளையைப் பிடிக்க முடியும். ஒரு நாள், குழுவின் அனுமதி பெற்று, சிவகங்கையில் குழந்தைகள் நலக் குழு அமர்வைப் பார்க்கட்டும். தலைவரும் நாலு உறுப்பினர்களும் எதைக் கேட்கிறார்கள், நம் அறிக்கையில் எது குறைகிறது என்பது ஒரே காலையில் புரிந்துவிடும்.

பிறகு, நிஜமான பொறுப்பு ஒன்றை ஆறு மாதத்துக்குக் கையில் கொடுங்கள். உதாரணமாக, ஒரு ஊராட்சியில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அவர்தான் எல்லாத் துறைக்குமான ஆள். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். தலைமையாசிரியர் உங்களுக்கு நேராக போன் பண்ணினாலும், 'அவரிடமே பேசுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். இது கடினம். நானே பலமுறை பொறுமை இழந்து போனை வாங்கிப் பேசி, வளர்ந்துகொண்டிருந்த ஒருத்தியைச் சுருங்க வைத்திருக்கிறேன்.

மாதம் ஒரு மணி நேரம் தனியாக உட்காருங்கள். 'எத்தனை மையம் பார்த்தாய்' என்று தொடங்கினால் அது ஆய்வுக் கூட்டமாகிவிடும். 'எந்தப் பிள்ளை உன் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது? அதற்கு என்ன தடை? யாரிடம் பேசப் பயப்படுகிறாய்?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் அடுத்த மாதத்துக்கான பயிற்சி இருக்கிறது. ஆறு பேரையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. இரண்டு பேரில் தொடங்குங்கள். நீங்கள் விடுப்பில் போகும்போது கூட்டத்தை அவர்களே நடத்தட்டும்.

பாலியல் புகார் ஒன்று வந்தது. தலைமையாசிரியர், 'குடும்ப விஷயம், பேசி முடித்துக்கொள்ளலாம்' என்கிறார். (பெயர் வேண்டாம்)

பேசி முடிக்க இடமே இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19ன்படி விஷயம் தெரிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் பிரிவு 21ன்படி தண்டனை. தனக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. இன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், உதவிக்கு 1098ஐயும் கூப்பிடலாம். சொல்லிவிட்டு வந்த பணியாளரைத் தனியாக விட்டுவிடாமல், வாக்குமூலம் கொடுக்கிற அன்றைக்கு அவர் பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

அக்கா, அந்த மாதிரி ஒரு கேஸ் பார்த்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ? (சமூகப் பணியாளர்)

லாயக்கானவர்களுக்குத்தான் தூக்கம் கெடும். ஆனால் அதைச் சுமந்துகொண்டே நடக்காதே. உன் மேலதிகாரியிடம் சொல், கொஞ்ச நாள் இன்னொருவரோடு சேர்ந்து அந்த வீட்டுக்குப் போ. மாதம் தாண்டியும் தூக்கம் வராவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார். இதைப் படிக்கிற மேலதிகாரிகளே, உங்கள் ஆட்களிடம் நீங்களே முந்திப்போய்க் கேளுங்கள். அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள்.

திங்கட்கிழமை பொறுப்பேற்கிறேன். முதல் வாரம் என்ன செய்யட்டும்? (சாக்கோட்டை)

கோப்புகளைப் பிறகு பார்க்கலாம். உன் பகுதி செவிலியர், தலைமையாசிரியர்கள், காவல் நிலையக் குழந்தைகள் நல அலுவலர், ஊராட்சிச் செயலர் எல்லோரையும் நேரில் பார்த்து, அவசரத்துக்கு எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிக்கொள். புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர் வரை பஸ்ஸிலேயே போய்விடலாம். போகிற ஒவ்வொரு இடத்திலும், அவர்களைத் தூங்கவிடாத பிள்ளை ஒன்றின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா.