ஏஐ ஏஜென்ட்டிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: சாட்பாட்டுக்கும் ஏஐ ஏஜென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: சாட்பாட் பதில் சொல்லும். ஏஜென்ட் வேலையையே செய்யும்: மெயில் அனுப்பும், ஆர்டர் போடும், பணத்தைத் திருப்பித் தரும்.

கேள்வி: சோதனையில் 95 சதவீதம் சரியாகச் செய்கிறது. போதாதா சார்?

பதில்: அந்த 95 வேலையின் ஒவ்வொரு படிக்கா, முழு வேலைக்கா என்று முதலில் கேளுங்கள். படிக்கு 95 என்றால், 20 படி உள்ள வேலை எங்கும் பிசகாமல் முடிய வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். படிக்கு 99 என்றாலும் 82 பக்கம்தான் வரும். நடுவில் பிழையைப் பிடித்துத் திருத்த ஏற்பாடு இருந்தால் கணக்கு மாறும். டெமோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் பழைய கோப்புகளில் நூறைக் கொடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிக்கலான கோப்புகளும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: தப்பு நடந்தால் மென்பொருள் விற்றவர்தானே பொறுப்பு?

பதில்: வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், துக்கப் பயணச் சலுகையை (உறவினர் இறப்புக்காகப் பயணிப்பவருக்கான கட்டணச் சலுகை) பயணத்துக்குப் பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒருவருக்குத் தவறாகச் சொன்னது. சாட்பாட் தனி அமைப்பு, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024-இல் அதை ஏற்காமல், பணத்தைக் கொடுக்கச் சொன்னது. இத்தனைக்கும் அது பேச மட்டுமே தெரிந்த பாட். விற்பவரின் ஒப்பந்தத்தில் நஷ்டஈட்டு வரம்பு என்ன என்று கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் மனித ஒப்புதல் வைத்துவிடலாம் என்கிறார் எங்கள் மேனேஜர்.

பதில்: ஒரு நாளைக்கு 300 ஒப்புதல் வந்தால், நாலாம் நாள் யாரும் படிக்காமலே 'சரி' அழுத்துவார்கள். பணம் வெளியே போவது, தரவை அழிப்பது, வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பது, இந்த மூன்றுக்கும் கட்டாயம் ஒப்புதல் வையுங்கள். திருத்திக்கொள்ளக்கூடியதை ஓடவிட்டு, அவ்வப்போது சிலவற்றை எடுத்துப் பாருங்கள். அப்புறம், நிறுத்தும் பொத்தான். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் தானியங்கி மென்பொருள் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழக்க வைத்தது. அதில் ஏஐ கூட இல்லை. உங்களிடம் யார், எத்தனை நிமிடத்தில் நிறுத்துவார்? பெயரோடு எழுதி வையுங்கள்.

கேள்வி: ஆட்களைக் குறைக்கலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். ஏஜென்ட் செய்த பிழை, அந்த வேலையை வருடக்கணக்கில் செய்தவர் கண்ணுக்குத்தான் படும். அவரை அனுப்பிவிட்டால் யார் பிடிப்பது?

கேள்வி: எதில் தொடங்குவது?

பதில்: வரும் மெயில்களைப் பிரித்து, பதிலுக்கு வரைவு எழுதும் வேலையில். அனுப்புவது ஆளாக இருக்கட்டும். எத்தனை வரைவைத் திருத்த வேண்டியிருந்தது என்று மூன்று மாதம் குறித்து வாருங்கள். அந்த எண்ணிக்கையோடு வாருங்கள், அடுத்த படியைப் பேசலாம்.