வாசகர் கேள்வி – பதில்: கையில் இருக்கும் புத்தகம்

கேள்வி: பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை நூலகத்தில் எடுத்து ஆசையாகப் படித்தேன். இரண்டாம் பாகத்தில் கதை நகராமல் இழுக்கிறது. தொடரலாமா? சொந்தமாக வாங்குவதென்றால் எந்தப் பதிப்பு?
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாகத் தொடருங்கள். படிக்கும் அளவை மட்டும் மாற்றுங்கள். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர் இது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காக எழுதப்பட்டது. அதனால்தான் ஆசிரியர் கல்கி முன்கதையை அடிக்கடி நினைவூட்டுகிறார், முடிவில் ஒரு முடிச்சுப் போடுகிறார். ஒரே மூச்சில் பதினைந்து அத்தியாயம் படித்தால் அந்த நினைவூட்டல்களே அலுப்புத் தட்டும். ஒரு நாளைக்கு மூன்று போதும். மொத்தம் 293 அத்தியாயங்கள், மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம், நான்காவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே களைப்பு வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. கடையிலேயே பொருளடக்கத்தைப் புரட்டி 57, 53, 46, 46, 91 என்ற கணக்கு வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. ஐந்தையும் ஒரே தொகுதியாகக் கட்டியது விலை குறைவு என்றாலும் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, நாலு பேர் கை மாறினால் முதுகும் பிளந்துவிடும். தனித்தனி ஐந்து பாகமாக, தொடருக்கு வரைந்த மணியத்தின் ஓவியங்களோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

முக்கியமான ஒன்று: படித்து முடிக்கும்வரை ஆதித்த கரிகாலன் பெயரை இணையத்தில் தேடவே தேடாதீர்கள். கதையின் பெரிய திருப்பம் முதல் பத்தியிலேயே கிடக்கும். அவனோடு தொடர்புடைய உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிய கட்டுரைகளையும் ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவை ருசிக்கும். வந்தியத்தேவன் பெயர் கல்வெட்டில் உண்டு. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை.

கேள்வி: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை நண்பர் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். நாற்பது பக்கம் தாண்டியும் எந்த ஊர், எந்தக் காலம் என்றே பிடிபடவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

குறை உங்களிடம் இல்லை. ஆசிரியர் எதையும் நின்று விளக்குவதில்லை. ஜப்பானியப் படை நுழையும் மெடான் நகரில் (இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில்) இருப்போம், அடுத்த பக்கத்தில் நாயகன் பாண்டியனின் நினைவு சொந்த ஊரான சின்னமங்கலத்துக்குப் போய்விடும். ஒரு துண்டுத் தாளில் இவ்வளவை எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள்: சுமத்திராவில் டச்சு ஆட்சி; 1942 மார்ச்சில் மெடான் ஜப்பானியர் கைக்கு; 1943இல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வருகை; 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரண், பிறகு டச்சுக்காரரை எதிர்த்து இந்தோனேசியரின் போர். கூடவே மலாக்கா நீரிணையின் வரைபடம் ஒன்று. நீரிணையின் மேற்குக் கரையில் மெடான், எதிர்க்கரையில் பினாங்கு. இந்த இரண்டு புள்ளிகள் தெரிந்தாலே பாதித் திணறல் போய்விடும்.

அடுத்த தடை வட்டிக்கடைச் சொற்கள். கிட்டங்கி என்பது செட்டியார்களின் லேவாதேவிக் கடைகள் வரிசையாக இருந்த கட்டடம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகியவை அங்கே வேலை பார்த்தவர்களின் படிநிலைகள். மதுக்கடைப் பேச்சுகளில் பழந்தமிழ் வரிகள் கலந்தும் திரிந்தும் வரும். மூலம் எது என்று தேடி நிற்காமல் வாய்விட்டுப் படித்துக் கடந்துபோங்கள், ஓசையிலேயே கேலி பிடிபடும். அப்படியும் கடினமாக இருந்தால் அவருடைய 'கடலுக்கு அப்பால்' நாவலை முதலில் படியுங்கள். அதே உலகம், நேரான நடை. தமிழில் இதுபோல இன்னொரு போர்க்கால நாவல் கிடையாது என்பது எங்கள் உறுதியான எண்ணம், ஆகவே கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'குற்றமும் தண்டனையும்' படிக்கிறேன். ரஷ்யப் பெயர்கள் குழப்புகின்றன.
– மாணவர், மதுரை

ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வருவதுதான் காரணம்: சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து வந்தது, குடும்பப் பெயர். நாயகன் ரோடியன் ரோமனோவிச் ரஸ்கோல்னிகோவ், அம்மாவுக்கு ரோத்யா. தங்கை துனியாவும் அவ்தோத்யா ரோமனோவ்னாவும் ஒருத்தியே. சோனியாதான் சோஃபியா செம்யோனோவ்னா. பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுகிறோம். நான் பேசினால் கதைச் சுருக்கமாகவே முடிந்துவிடுகிறது.
– வாசகர், தென்காசி

எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம், அதில் எதுவரை வந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு படித்தவரின் கருத்துக்கும் முடித்தவரின் கருத்துக்கும் வேறுபாடு உண்டு, கேட்பவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தின் முதல் ஐந்தில் ஒரு பகுதிக்கு அப்பால் நடப்பது எதையும் வெளியிடாதீர்கள். பிறகு ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள், நூறு சொல், ஒரு நிமிடத்துக்குள். ஆகச்சிறந்த பத்தியைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அதை நம்பி எடுத்துப் போகிறவர் மற்ற பக்கங்களில் ஏமாந்துபோவார். சராசரிப் பத்தி ஒன்றை எடுங்கள், நடை எப்படியென்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்து, யாருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லுங்கள். 'அருமை', 'அவசியம் படியுங்கள்' என்பதால் யாருக்கும் பயனில்லை. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை இப்படிப் பரிந்துரைக்கலாம்: "பாதி படித்திருக்கிறேன். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் கதை. ஒரே நாயகன் கிடையாது, ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். விறுவிறுப்பு தேடுகிறவருக்கு நடுவில் அலுக்கும். பாட்டி கதை சொன்னால் உட்கார்ந்து கேட்கிறவருக்குப் புத்தகத்தை மூட மனம் வராது." அரை நிமிடம்கூட ஆகாது. வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவரே முடிவெடுத்துக்கொள்வார்.

வட்டார வழக்கு நூலென்றால் புரியாமல் தடுக்கிய நான்கைந்து சொற்களைப் பொருளோடு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்த மாதம் புத்தகம் முடிந்திருந்தால், முன்பு சொன்ன கருத்தில் எது மாறியது என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் புதிய புத்தகத்துக்குப் போங்கள்.